நெடுந்தீவுக் குதிரைகளும் வளர்த்தோர் கடனும்

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்து பாக்குநீரிணையிற் கிடக்கும் தீவுகளுள், மக்கள் குடியிருப்பனவற்றில், குடாநாட்டினின்றும் மிகச் சேய்மைக்கண் உள்ளது நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவு பனையும் புல்வெளியும் முருகைக்கல் மதில்களும் நிறைந்தது. இதன் பெருவெளிகளிலே இன்று குதிரைகள் உரிமையாளர் எவருமின்றித் திரிகின்றன. இலங்கையின் வேறெப்பகுதியிலும் இத்துணை நெடுங்காலம் தாமாகவே இனம்பெருக்கி வாழ்ந்த குதிரைக் கூட்டத்தைக் காண்டல் அரிது. அவற்றைக் காணவேண்டியே தீவுக்குச் செல்வோர் பலர். ஆயின், அவை காட்டில் தோன்றிய விலங்குகளல்ல. ஒரு பண்ணையின் எச்சங்கள். பண்ணை மறைந்தது, விலங்கு நின்றது. வளர்த்தோர் கைவிட்ட விலங்கைப் பேணுங் கடன் யாரைச் சார்ந்தது என்னும் வினா இத்தீவிலே வெறும் நூலாராய்ச்சியன்று. ஒவ்வொரு கோடையிலும் உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

தீவும் அதனை அடையும் வழியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையை அடைந்து, அங்கிருந்து மற்றொரு தாம்போதியாற் புங்குடுதீவைக் கடந்து, அதன் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையைச் சேர்தல் வேண்டும். நயினாதீவுக்குச் செல்லும் அடியார் கூட்டமும் நெடுந்தீவுக்குச் செல்லும் பயணிகளும் அத்துறையிலேதான் பிரிகின்றனர். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம் நெடுந்தீவின் மாவிலித்துறையிற் கொண்டு சேர்க்கும். கச்சான் காற்று வீசுங் காலத்தில் இக்கடல் அமைதியானதன்று. தீவு மக்களுக்கு இப்பயணம் உல்லாசமுமன்று. கல்வி, மருத்துவம், சந்தை ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே வழி. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் குமுதினி என்னும் படகிற் பயணஞ் செய்த பொதுமக்கள் பலர் கொல்லப்பட்ட துயரத்தையும் இக்கடல்வழி சுமந்து நிற்கின்றது. ஆதலின், இத்துறையில் இறங்கும் விருந்தினன், தான் வேடிக்கை பார்க்கச் செல்லும் இடம் பிறர் வாழ்ந்து துயருற்ற இடமும் ஆகும் என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

தீவில் முதலிற் கண்ணைக் கவர்வன கல்வேலிகளாம். குடாநாட்டிலே கிடுகாலும் பனையோலையாலும் அடைக்கப்படும் வேலி, ஈண்டு முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய மதிலாக அமைகின்றது. மண் ஆழமற்றது, கல் மிகுந்தது. நிலத்தைப் பயன்படுத்த வேண்டிப் பொறுக்கியெடுத்த கல்லே வேலியாயிற்று. காற்றை ஓரளவு ஊடுசெல்லவிட்டுக் கால்நடையைத் தடுக்கும் இவ்வேலி, இடத்துக்கேற்ற அறிவின் விளைவு எனலாம்.

குதிரை கடல்வழி வந்த வரலாறு

தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் குதிரை உள்நாட்டு விலங்கன்று. காவிரிப்பூம்பட்டினத்திற் கடல்வழியாக வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சுட்டுகின்றது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்தான், அரபுக் கரையிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் குதிரைகள் பெருந்தொகையாக இறக்குமதியானதையும், ஏற்ற உணவும் தகுந்த பராமரிப்புமின்றி அவை விரைவில் மடிந்ததையும் எழுதிவைத்துள்ளான். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் குதிரையை வாங்குதல் எளிது. வாழவைத்தல் அரிது என்பதே அக்குறிப்பின் சாரம்.

இக்கடல்வாணிகத்தின் சுவடு நெடுந்தீவுக்கு அணித்தாயுள்ள நயினாதீவிலேயே கல்லில் நிலைத்துள்ளது. 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம், ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகரைப் பற்றிய விதிகளைக் கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் ஆம். பிற சரக்குக் கொண்டுவருங் கலம் உடைந்தால் இருபாலார்க்கும் சரிபாதி. பிற பொருளினும் விலங்குக்கு உரியவனிடத்து மிகுதியான பங்கை விட்டமையால், அரசு குதிரை வாணிகரை எத்துணை விரும்பி அழைத்தது என்பது புலனாகும். நெடுந்தீவிலே குதிரைப் பண்ணை அமைவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, அதனைச் சூழ்ந்த கடல் குதிரைகளின் கடலாயிருந்தது.

ஆவின் தீவு குதிரைத் தீவானமை

போர்த்துக்கேயர் 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்கள் இத்தீவுக்கு வழங்கிய பெயர் 'பசுக்களின் தீவு' எனப் பொருள்படுவது. அதனால் இங்குக் கால்நடை வளர்ப்பே முதற்கண் சிறந்திருந்தது என்பது பெறப்படும். குதிரைகளைத் தீவுக்குக் கொணர்ந்து விட்டவர்களும் போர்த்துக்கேயரே என்பது பொதுவாகக் கூறப்படும் வரலாறு. 1658 ஆம் ஆண்டில் அவர்களை வென்ற ஒல்லாந்தர், யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரப் பெயர்களைச் சூட்டினர். லெய்டன், மிடில்பேர்க், அம்ஸ்ரடாம் என்னும் பெயர்கள் ஏட்டோடு நின்றன. நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்வ்ற்' என்னும் பெயர் ஒன்றே இன்றுவரை பிறமொழிகளில் வழங்குகின்றது.

ஒல்லாந்தர் காலத்திலேதான் குதிரை வளர்ப்பு கும்பனியின் ஒழுங்கான தொழிலாயிற்று. யாழ்ப்பாணத்தில் கும்பனியின் ஆட்சித் தலைவராயிருந்த ஹென்ட்ரிக் சுவார்டக்றூன் 1697 ஆம் ஆண்டிலே தமக்குப் பின் வருவோர்க்கு எழுதிவைத்த நினைவுக்குறிப்பில், தீவுகளில் குதிரை வளர்த்தலும் ஆட்சிக்குரிய பொருளாக இடம்பெறுகின்றது. யானைகளைப் பிடித்து இந்திய வணிகர்க்கு விற்றல் யாழ்ப்பாணத்திற் கும்பனியின் பெரிய வருவாய்களுள் ஒன்று. குதிரை வளர்ப்போ படைக்கும் ஆட்சிக்கும் வேண்டிய ஊர்திக்காக நடைபெற்றது.

இத்தொழிலுக்குத் தீவைத் தெரிந்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. முதலாவது, கடலே வேலி. காவலின்றித் திறந்தவெளியில் மேயவிட்டாலும் குதிரை எங்கும் ஓடிப்போகாது. கள்வர் கவர்ந்து செல்லுதலும் அரிது. இரண்டாவது, குதிரைக்குப் பகையான பெரிய ஊனுண் விலங்குகள் தீவில் இல்லை. மூன்றாவது, வறண்டு இறுகிய நிலம். ஈரச் சதுப்பிற் குதிரைக் குளம்பு மென்மையுற்று நோயுறும். இறுகிய கல்நிலத்திற் குளம்பு உறுதிபெறும். நான்காவது, வேளாண்மைக்கு உதவாத பெரும் புல்வெளி. குதிரை ஏறத்தாழ 11 திங்கள் சூல்தாங்கி ஒரு குட்டியையே ஈனும். அக்குட்டி பயிற்சிக்குரிய பருவம் எய்த மூன்று நான்கு ஆண்டுகள் கழியும். அத்துணை ஆண்டு காத்திருக்க வேண்டிய தொழிலுக்குச் செலவில்லாத மேய்ச்சல் நிலம் இன்றியமையாதது.

ஆங்கிலேயர் 1795 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னரும் பண்ணை தொடர்ந்தது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் அயர்லாந்துப் படையதிகாரி தீவின் மேற்பார்வையாளராயிருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். தலைநகரினின்றும் வெகுதொலைவிலிருந்த தீவில் தனியாட்சி செலுத்தியமையால், அவரை முடிசூடா மன்னராகச் சித்திரிக்குங் கதைகள் பல எழுந்தன. அந்நூற்றாண்டிலேயே பண்ணை கைவிடப்பட்டது. பிடிபடாதும் விற்கப்படாதும் எஞ்சியவற்றின் வழிவந்தனவே இன்றைய குதிரைகள் எனக் கொள்ளப்படுகின்றது.

கல்லில் எஞ்சிய பண்ணை

இன்று தீவைச் சுற்றிப் பார்ப்போர் அப்பண்ணையின் உறுப்புக்களைத் தனித்தனியே காணலாம். முருகைக்கல்லால் எழுப்பிய குதிரைக் கொட்டிலின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கூரை எப்போதோ அழிந்துவிட்டது. குதிரைகள் நீர் பருகுதற்கென அமைத்த கற்றொட்டிகளும் உள்ளன. சாராப்பிட்டியிலே கிணறுகள் கூட்டமாக அமைந்துள்ளன. செய்தி கொண்டுசெல்லும் புறாக்களை வளர்த்ததாகக் கூறப்படும் புறாக்கூடு ஒரு சிறு கோபுரம்போல் நிற்கின்றது. இடிந்த கோட்டையொன்றும், ஆபிரிக்க நாட்டுக்குரிய பெருக்க மரமும் காட்சிக்குரியன. உள்ளே மனிதர் புகுந்து நிற்கத்தக்க பொந்துடைய அம்மரமும் குதிரையைப் போலவே கடல்கடந்து வந்து நிலைத்தது.

இவற்றுள் கொட்டிலும் புறாக்கூடும் பயணிகளின் கண்ணைப் பெரிதுங் கவர்வன. ஆயின், பண்ணையின் உயிர்நாடி எது எனின், தொட்டியும் கிணறுமே ஆம். அதன் காரணத்தை அறியத் தீவின் நீர்நிலையை விளங்கிக் கொள்ளல் வேண்டும்.

நீரின் இயல்பு

நெடுந்தீவில் ஆறில்லை, அருவியில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் வாடைக்காற்றோடு பொழிகின்றது. அம்மழை நுண்டுளைகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடே இறங்கி, கீழே ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலால் அது நடுவிற் பருத்து விளிம்பில் மெலிந்த ஒரு வில்லைபோல நிலத்துள் தங்குகின்றது. இந்நிலையைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஒல்லாந்துப் படைப் பொறியியலாளர் கைபெனும் செருமானியர் ஹெர்ஸ்பேர்க்கும் ஆவர். கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்பின், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது அவர்தம் கணக்கின் முடிவு.

இக்கணக்குக்கு மறுபுறமும் உண்டு. மேலே 1 அடி நீரை இறைத்துக் குறைத்துவிட்டாற் கீழே 40 அடி நன்னீர் அருகி, உவர்நீர் அதற்கேற்ப மேலெழும். ஒரு கிணற்றை ஆழமாக்கி மிகுதியாக இறைப்பின், அக்கிணறு விரைவில் உவராகும். நீர் வேண்டுவோர் ஓரிடத்தில் ஆழத் தோண்டாது, பல ஆழமற்ற கிணறுகளில் சிறிது சிறிதாக எடுத்தல் வேண்டும். பல கிணறுகள் ஒருங்கே அமைந்த சாராப்பிட்டி இந்நெறிக்குப் பொருந்தியதாகவே காணப்படுகின்றது. நூற்கணக்குப் பிறக்குமுன்னரே கிணறு தோண்டினோரின் கைப்பழக்கம் அவ்வுண்மையை அறிந்திருந்தது போலும்.

இனி, ஒரு சிறு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 லீற்றர் நீர் வேண்டும் எனக் கொள்வோம். 100 குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 3,000 லீற்றர்; கோடையின் கொடிய நான்கு திங்களுக்கு, அதாவது 120 நாளுக்கு, 3,60,000 லீற்றர். பல கிணறுகளிற் பகிர்ந்து எடுப்பின் இத்தொகை அளவுகடந்ததன்று. ஆனால், நாள்தோறும் யாரோ ஒருவர் அதனை இறைத்துத் தொட்டியில் வார்த்தல் வேண்டும். பண்ணை நடந்த காலத்தில் அப்பணிக்கெனக் கூலியாட்கள் இருந்தனர். பண்ணை மூடப்பட்ட அன்று கிணறு வற்றவில்லை, தொட்டி உடையவில்லை, புல் அழியவில்லை. இறைக்குங் கை ஒன்றே இல்லாது போயிற்று. குதிரை கிணற்றின் விளிம்புவரை வரலாம். துலாவை இழுக்க அதனால் இயலாது.

இதுவே நெடுந்தீவுக் குதிரைகளின் அவலத்தின் வேர். மழைக்காலத்திற் பள்ளங்களிலும் கேணிகளிலும் நீர் தேங்குகின்றது, புல் தழைக்கின்றது, குட்டிகள் துள்ளுகின்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை அந்நீர் வற்றி, எஞ்சியது உவர்த்து, குதிரைகள் எலும்புந் தோலுமாகின்றன. அண்மை ஆண்டுகளின் வறட்சிகளிலும் குதிரைகள் மடிந்தன. அதே வெளியில் மேயும் மாடுகளுக்கு உடையவன் உண்டு. அவன் பட்டியிலே நீர் வார்க்கின்றான். குதிரைக்கு உடையவன் இல்லை. மழை தவறிய ஆண்டில், பஞ்சத்தை முதலில் எதிர்கொள்வது உடையவனற்ற விலங்கேயாம்.

தேசியப் பூங்கா ஆகிய பின்

இலங்கையின் வனவிலங்குகளும் தாவரங்களும் 1937 ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பேணப்படுகின்றன. அச்சட்டத்தில் இயற்கை ஒதுக்கு, தேசியப் பூங்கா, சரணாலயம் எனப் பலவகை நிலங்கள் உள. கடுமையான ஒதுக்கினுள் ஆராய்ச்சியாளர் அன்றிப் பிறர் புகலாகாது. தேசியப் பூங்காவினுள் பொதுமக்கள் விதிகளுக்கமைந்து சென்று காணலாம். சரணாலயமோ தனியார் நிலத்தையும் உள்ளடக்கலாம். குடாநாட்டின் கிழக்கே பூநாரை முதலிய வலசைப் பறவைகள் கூடும் சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிற் சரணாலயமாயிற்று. 2015 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. நெடுந்தீவுப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1,846 ஹெக்ரயர். அது தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதாகும்.

பூங்காவிற் குதிரை மட்டுமன்றிப் பிற உயிர்களும் வாழ்கின்றன. மாரிகாலத்தில் வட ஆசியாவின் குளிருக்கஞ்சித் தென்றிசை நாடும் கரைப்பறவைகள் தீவின் ஆழமற்ற கரைகளில் இரைதேடுகின்றன. சூழ்ந்துள்ள பாக்குநீரிணையின் கடற்புல் வெளிகள் அருகிவரும் ஆவுளியாவுக்கு உணவிடமாவன.

ஆயினும் ஒரு முரண்பாடு ஈண்டு எழுகின்றது. வனவிலங்குச் சட்டத்தின் பொதுநோக்கு, மனிதர் தலையிடாது இயற்கையை அதன்போக்கில் விடுதல். வலசைப் பறவைக்கும் ஆவுளியாவுக்கும் அந்நெறி பொருந்தும். குதிரைக்கோ பொருந்தாது. அது தன் விருப்பாற் கடல்கடந்து வந்ததன்று. தன் தேவைக்கேற்ற ஆற்றங்கரையைத் தேடிச் செல்ல வழியுமில்லை. அன்று காவலுக்கு வாய்ப்பாயிருந்த கடலே இன்று சிறைமதிலாயிற்று. இயற்கையின் போக்கில் விடுதல் என்பது, இவ்விலங்கின் திறத்திற் கைவிடுதலின் மறுபெயராய் முடியும்.

மற்றொரு புறத்தில், தீவு மக்களின் மேய்ச்சல் உரிமையும் எண்ணத்தக்கது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த வெளி பூங்காவின் எல்லைக்குட் படும்போது, குதிரையைக் காத்தற்கு வந்த விதி மாட்டை விலக்கும் விதியாகத் தோன்றுமாயின், மக்கள் குதிரையைப் பகையாகக் கருதுவர். மக்களின் அன்பை இழந்த விலங்கை எல்லைக் கற்கள் காவா.

பிறநாட்டு அனுபவம்

இவ்வினா நெடுந்தீவுக்கு மட்டும் உரியதன்று. நீரிணையின் மறுகரையில், தமிழகத்துக் கோடிக்கரையில் 1967 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வனவிலங்குச் சரணாலயத்திலும் வெளிமான்களோடு உடையவனற்ற மட்டக்குதிரைகள் மேய்கின்றன. கனடாவின் கிழக்குக் கடலிலுள்ள சேபிள் தீவின் குதிரைகளை அகற்றிவிட அந்நாட்டு அரசு எண்ணியபோது, பள்ளிச் சிறுவர்கள் பிரதம மந்திரிக்குக் கடிதங்கள் எழுதினர். 1961 ஆம் ஆண்டில் அக்குதிரைகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அங்கு மனிதர் தலையிடுவதில்லை. ஆனால் சேபிள் தீவு மணல் தீவு. நீர் வேண்டும்போது குதிரை தன் குளம்பாலேயே மணலைத் தோண்டி நன்னீர் பெறுகின்றது. நெடுந்தீவின் சுண்ணக்கல் எந்தக் குளம்புக்கும் இளகாது. ஆகவே சேபிள் தீவின் நெறியை ஈண்டு அப்படியே மேற்கொள்ளல் பொருந்தாது.

அமெரிக்காவின் சிங்கொற்றீக் ஊரார் வேறொரு நெறி கண்டனர். அயலேயுள்ள அசற்றீக் தீவின் ஒரு பகுதியில் மேயும் குதிரைகளுக்கு அவ்வூர்த் தொண்டர் தீயணைப்புப் படையினரே உரிமையாளர். 1925 ஆம் ஆண்டு முதலாக அவர்கள் யூலை மாதத்திற் குதிரைகளைக் கால்வாயில் நீந்தச் செய்து கொணர்ந்து, குட்டிகள் சிலவற்றை ஏலத்தில் விற்று, மந்தையின் தொகை நிலத்தின் அளவுக்கு மிஞ்சாமற் காத்து, மருத்துவமும் பார்த்து வருகின்றனர். குதிரை வெளியிலே திரிகின்றது. அதன் நலத்துக்குப் பொறுப்பாளி ஊரிலே இருக்கின்றான். நெடுந்தீவு கற்கத்தக்க பாடம் இதுவே எனலாம்.

செய்யத்தக்கன

நெடுந்தீவுக்கு வேண்டுவது பெருஞ்செலவுத் திட்டமன்று. பழைய கிணறுகளையும் கேணிகளையும் தூர்வாருதல், கற்றொட்டிகளைப் பழுதுபார்த்தல், கோடையிற் காற்றாலோ ஞாயிற்றொளியாலோ இயங்கும் சிறு பம்பிகளால் அளவறிந்து நீர் வார்த்தல், மழைநீரைத் தேக்கும் பள்ளங்களை ஆழப்படுத்தல் என்பன முதற்கண் செய்யத்தக்கன. இவற்றை மேற்கொள்ளும்போது மக்களின் குடிநீர்க் கிணறுகள் உவராகாவண்ணம் உவர்ப்பை இடையிடையே அளந்து நோக்கல் வேண்டும். மேய்ச்சல் வெளியை மாட்டுக்கும் குதிரைக்கும் பங்கிட்டுக் கொள்ளும் முறையைத் தீவு மக்களோடு கலந்து வகுத்தல் வேண்டும். நீர் வார்க்கும் பணி ஊதியத்தோடு ஊராரிடமே ஒப்படைக்கப்படின், பூங்கா அவர்களுக்குத் தடையாகாது தொழிலாகும். பழைய பண்ணை மீண்டும் இயங்குவதும் இவ்வகையிலேதான். குதிரையை விற்றற்கன்று, வாழவைத்தற்கு.

காணச் செல்வோர்க்கும் கடமை உண்டு. மாரி ஓய்ந்து வெளி பசுமையாயிருக்கும் தை, மாசித் திங்கள்கள் செல்லுதற்கு ஏற்றவை. குதிரைகளை வண்டியால் துரத்தலும், உணவெறிந்து பழக்குதலும், பிளாத்திக்குப் பைகளை வெளியில் விடுதலும் தவிர்க்கப்படல் வேண்டும். தீவின் குடிநீர் அரிது என்பதை உணர்ந்து, தமக்கு வேண்டிய நீரைக் கொண்டுசெல்லலும், கல்வேலியினின்றும் கொட்டிலினின்றும் ஒரு கல்லையேனும் பெயர்க்காதிருத்தலும் நற்பண்பாகும்.

அரசுகள் மூன்று இத்தீவில் குதிரை வளர்த்து, பயன்கொண்டு, நீங்கின. அவர்கள் கட்டிய கோட்டையைத் தொல்பொருள் எனப் போற்றுகின்றோம். அவர்கள் விட்டுச்சென்ற உயிர்ப்பொருளோ கல்லைப்போலக் காத்திருக்கும் இயல்பினதன்று. அடுத்த கோடைக்குமுன் தொட்டியில் நீர் வார்க்கப்படுமாயின், நெடுந்தீவின் வரலாறு உயிரோடு நின்று புல் மேயும். வார்க்கப்படாதாயின், எஞ்சுவது வெறுங் கொட்டிலின் தூண்களே.